அங்கணத்தில் ஊற்றிய பால்

2021-ஆம் ஆண்டு மே மாதம். தேவதாயின் வணக்கமாதமாக நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் அம்மாதத்தில், அவ்வாண்டு ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. கொரோனாவின் இரண்டாம் அலை தமிழகத்தை உலுக்கிய நாட்கள் அவை. எங்கள் அன்பியத்தார் அவரவர் வீட்டில் முழந்தாளிட்டு, தொலைபேசி வழியே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். அந்நாட்களில்தான் எட்டு மாதம் நிறைந்திருந்த என் மருமகளுக்குக் காய்ச்சல் கண்டது.

முதல் இரு நாட்கள் கஷாயமும் ஆவி பிடித்தலும் போதுமென்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள், நாலு சொல் சேர்ந்தாற்போல் பேச அவளுக்கு மூச்சு போதவில்லை. விரல்நுனியில் மாட்டும் கருவி 91 என்று காட்டியது. கருவுற்றவளுக்கு அது 95-க்குக் கீழே இறங்கலாகாது என்பதை மருத்துவமனையில்தான் அறிந்தேன். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரல் விரிவதற்குள்ள இடத்தைக் குறைத்துவிடுகிறது. உடலுக்கு வேண்டிய பிராணவாயுவோ முன்னிலும் அதிகம். ஆகவே பிறர் தாங்கிக்கொள்ளும் நோய் கர்ப்பவதியை எளிதில் வீழ்த்திவிடுகிறது. 18 நாடுகளில் 2,100-க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று அவ்வாண்டு ஏப்ரலில் வெளியாகியிருந்தது. நோயுற்ற கர்ப்பிணிகளிடையே குறைப்பிரசவமும், இரத்தக் கொதிப்பும், மரணமும் மிகுந்திருந்ததை அது காட்டியது. கூடவே ஓர் ஆறுதலும் அதில் இருந்தது. அத்தாய்மார் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கே தொற்று கண்டிருந்தது. தாய்ப்பாலால் அது கூடியதாகத் தெரியவில்லை. இதனை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் செவிமடுத்திருப்பேனா என்பது ஐயமே.

மறுநாளே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை இரண்டு கிலோ இருநூறு கிராம். அவளுக்குத் தொற்று இல்லை. தாயோ பிராணவாயுக் குழாயுடன் தனிப் பகுதியில் கிடந்தாள். படுக்கைக்கு ஆளாய்ப் பறந்த காலமாதலால், ஐந்தாம் நாள் குழந்தையை மட்டும் என் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை என் மகன் ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்தான். அவன் முந்தியே நோயுற்றுத் தேறியவன். மருத்துவமனை வாயிலிலேயே காத்துக் கிடந்தான். தாதியொருத்தியின் துணையோடு மருமகள் பீய்ச்சியனுப்பிய பால் அது. இருபது மில்லி இருக்கும். மூச்சு வாங்க வாங்க, கையைக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு, அரைமணி நேரம் முயன்று எடுத்தாளாம்.

நான் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குச் சென்று அங்கணத்தில் ஊற்றினேன்.

நோயாளியின் உடலிலிருந்து வந்தது; பச்சிளங்குழந்தைக்கு அதைக் கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும் என்று உறுதியாக நம்பினேன். பால் மாவைக் கரைத்துப் பாலாடையால் புகட்டினேன். மறுநாள் காலையிலும் மாலையிலும் வந்த புட்டிகளுக்கும் அதே கதிதான். மகனிடம், "குடித்துவிட்டாள்" என்றேன். பொய் சொல்வது பாவமென்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருபது ஆண்டுகள் கற்பித்தவள் நான்.

மூன்றாம் நாள் குழந்தை நல மருத்துவ அம்மையார் எடை விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தார். அவரிடம் பொய் சொல்ல நா எழவில்லை. அவர் கோபிக்கவில்லை. "பாட்டியம்மா, பாலின் வழியே இந்நோய் பரவுவதாகத் தெரியவில்லை. நோயை எதிர்க்கும் சக்தியைத்தான் அது கொண்டு வருகிறது. நீங்கள் கொட்டியது மருந்தை" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2020 முதலே, முகக்கவசத்தோடும் கைச் சுத்தத்தோடும் நோயுற்ற தாய் பாலூட்டலாம், குழந்தையை அணைக்கலாம் என்று சொல்லிவந்ததாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே அவ்வாண்டு ஏப்ரலில் தாயையும் சேயையும் பிரிக்கச் சொல்லி, ஜூலையில் அதைத் திருத்திக்கொண்டது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். கற்றோரே தடுமாறிய காலம்தான். எனினும் அவர்கள் மாற்றிக்கொண்டு பத்து மாதம் கழித்தும் நான் ஒருவரையும் கேட்டறியவில்லையே!

அதன்பின் ஒரு சொட்டும் வீணாகவில்லை. அம்மையார் சொன்னபடியே குழந்தையை என் வெறும் மார்பின்மேல் கிடத்தி, சேலையால் போர்த்திக் கதகதப்பூட்டினேன். தேவதாய் எலிசபெத்தைச் சந்தித்த திருநாளான மே 31 அன்று மருமகள் வீடு திரும்பினாள். நூலாய் மெலிந்திருந்தாள். முகக்கவசத்தோடு குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்தபோது, அவள் கைகள் நடுங்கியதைக் கண்டு நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

கருவுற்றோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமென்று நடுவண் அரசு 2021 ஜூலை 2 அன்று அனுமதித்தது. எங்களுக்கு அது பிந்தி வந்தது. எங்கள் அன்பியத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கரு கலைந்துவிடுமென்று யாரோ சொல்லக் கேட்டு அஞ்சினாள். அவ்வூசி கத்தோலிக்கருக்குத் தகாதது என்ற பேச்சும் இருந்தது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்றே, வேறு வழியில்லாத நிலையில் அதை ஏற்பது குற்றமன்று என்று தெளிவுபடுத்தியிருந்ததைப் பங்குத்தந்தை அவளுக்கு எடுத்துச் சொன்னார். நானும் உடன் சென்றேன். ஊசி போடும்வரை அவள் என் கையை விடவில்லை.

பேத்தி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். அங்கணத்துச் செய்தியை நான் எவரிடமும் சொன்னதில்லை. இக்கட்டுரையை அனுப்புமுன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்தாள்.

"மூன்று புட்டிதானா, அத்தை?" என்று கேட்டாள்.

"மூன்றுதான்" என்றேன்.

எழுந்து போய்க் குழந்தைக்குச் சோறு பிசையத் தொடங்கினாள்.