ஆறாவது கட்டம்

இரண்டு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, நானும் என் மனைவியும் ஒரு கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு நாளைக்குத்தானே போட்டிருக்கு?" என்றாள். மறுநாள் அஷ்டமி. "அன்னிக்கு நான் வரமாட்டேன்" என்று இவள் அங்கேயே சொல்லிவிட்டாள். போகவர ஆட்டோ செலவுதான் மிச்சம்.

அந்த நேரத்தை இணையத்தில் போட்டது இவளேதான். வீட்டுக்கு வந்து மகளின் பழைய டேப்லெட்டைத் திறந்து பார்த்தேன். அந்த நாட்காட்டி திங்கட்கிழமையில் தொடங்குகிறது. இவள் ஐம்பது வருஷமாகப் பார்ப்பது சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். அதில் இடதுகோடியில் சிவப்பாக ஞாயிறு, ஆறாவது கட்டம் வெள்ளி. கண் மங்கலாக இருக்கிறது என்றுதானே டாக்டரிடமே போகிறாள், சின்ன எழுத்தையா படிப்பாள்? பழக்கத்தில் ஆறாவது கட்டத்தைத் தொட்டிருக்கிறாள். அது சனி. உறுதிசெய்து வந்த குறுஞ்செய்தியிலும் தேதி மட்டும்தான். கிழமையையும் சேர்த்து எழுதியிருந்தால் அன்றே பிடித்திருப்பாள்.

எனக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அங்கே வாரம் லந்தியில், அதாவது திங்களில்தான் ஆரம்பம். 14.30 என்று போட்டாலும் மதியம் இரண்டரை என்று யோசிக்காமல் சொல்வேன். ஐ.எஸ்.ஓ. தரநிலையும் திங்களைத்தான் முதல் நாள் என்கிறது. ஆகவே அதைச் செய்த பையன் மேல் முழுப் பழியும் போட முடியாது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கண்புரைக்கு வரும் கிழவன் கிழவிகள். அவர்கள் வீட்டுச் சுவரை அவன் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இன்னொன்று. கிழமைக்கு ஒற்றை ஆங்கில எழுத்துத்தான் போட்டிருந்தார்கள். அதில் எஸ் இரண்டு, டி இரண்டு. பிரெஞ்சிலும் மார்தி, மெர்க்ரெதி என்று எம் இரண்டு முறை வரும். தமிழில் ஞா, தி, செ, பு, வி, வெ, ச. ஏழு நாளும் ஏழு எழுத்து, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. இதை எழுபது வயசுக்கு மேல்தான் கவனித்தேன்!

நான் குமாஸ்தாவாக இருந்தபோது இந்த வேலைக்கு என் மேசையில் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒரு தேதி சொல்வேன். எதிரில் நிற்பவர் முகம் சுருங்கினால், "அன்னிக்கு என்னங்க?" என்று கேட்பேன். அமாவாசை என்பார், மருமகளுக்குப் பிரசவம் என்பார். அடித்துவிட்டு வேறு தேதி எழுதுவேன். நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல் என்று மேலதிகாரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கண் விஷயம் இப்படி நிற்க, அடுத்த மாதம் பத்திரப் பதிவு. வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. போன வருஷம் இவளுக்கு நெஞ்சுவலி வந்து மீண்டதிலிருந்து, மகள் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "நான் இருக்கும்போதே நடக்கணுங்க" என்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

பதிவுத்துறையில் 2018-இல் ஸ்டார் 2.0 வந்ததிலிருந்து டோக்கன் இணையத்தில்தான். அவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். தை, ஆவணி மாதிரி மாதங்களில் சுபமுகூர்த்த நாள் வந்தால், ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனை 150 ஆக்குகிறார்கள், இருவர் உள்ள இடத்தில் 200-ஐ 300 ஆக்குகிறார்கள். கூட்டம் மிகுந்த அலுவலகங்களில் 12 தட்கல் டோக்கனோடு இன்னும் 4. சர்க்கார் பஞ்சாங்கத்தை நம்புகிறதோ இல்லையோ, ஜனங்கள் என்றைக்கு வந்து நிற்பார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இவள் டேப்லெட்டைத் தொடவில்லை. தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளி ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு, வேண்டாம். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை, வியாழன் ஒன்றரை முதல் மூன்று, செவ்வாய் மூன்று முதல் நாலரை. வரிசையில் நேரம் இழுத்தால் அதில் போய் மாட்டும். திங்கட்கிழமைக்கு ஏழரை முதல் ஒன்பது. ஆபீஸ் திறப்பதே பத்து மணிக்கு! வளர்பிறைத் திங்கள் ஒன்றைக் காட்டினாள். மகளும் பெங்களூரிலிருந்து அன்று வர முடியும் என்றாள். போட்டேன்.

படியேற முடியுமா என்றுதான் எனக்குப் பயம். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில், தக்க காரணம் இருந்தால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வரலாம் என்று இருக்கிறது. அதைச் சொன்னேன். "நான் என்ன படுத்தா கெடக்கறேன்?" என்று எரிந்து விழுந்தாள்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கைரேகை மட்டும் மூன்றாவது தடவைதான் விழுந்தது. பாத்திரம் தேய்த்த கை. போட்டோவுக்குச் சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில், "அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு இந்தத் தடவை நீங்களே போட்டுடுங்க" என்றாள். "உங்க ஊர் காலண்டர்தானே அது."

போட்டேன். ஐந்தாவது கட்டம்.