கயலுக்கு, கம்ப்ரஸர் வாங்கும் முன்

கோயம்புத்தூர்
ஞாயிறு

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதமும், கூடவே கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலும் கிடைத்தன. கிளப் ரைஃபிளுக்கு முறை வைத்துக் காத்திருந்த காலம் போய்ச் சொந்த ஏர் ரைஃபிள் வந்துவிட்டது என்ற வரியை அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே பூரிப்பு. மாடி ஹாலில் 10 மீட்டர் அளந்து கோடு போட்டாயிற்று என்கிறாய். இனி காற்று ஒன்றுதான் பாக்கி.

பட்டியலில் இருப்பவை இரண்டு. தண்ணீரில் குளிரும் 1.8 கிலோவாட் கம்ப்ரஸர் மிஷின் ஒன்று. 300 பார் அழுத்தத்துக்கு நிரப்பி வைக்கும் 6.8 லிட்டர் கார்பன் ஃபைபர் சிலிண்டர் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் செட் என்று சொன்னாராம். உனக்கு இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எத்தனை பார் ஏறும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விற்பனைக்கு வரும் எல்லா மிஷினும் 300 பார் ஏறும் என்றுதான் சொல்லும். உன் ரைஃபிளின் சிலிண்டருக்கு 200 பார்தான் உச்சம், அதன் மேலேயே பொறித்திருக்கும். நீ கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு பெரிய சிலிண்டரை நிரப்பப் போகிறோம் என்பது. மிஷினைத் தீர்மானிப்பது அதுதான்.

உன் சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 0.2 லிட்டர் என்று வைத்துக்கொள். 70 பாருக்கு இறங்கியதும் மறுபடி 200-க்கு ஏற்றுகிறாய் என்றால் 130 பார் வித்தியாசம். 0.2-ஐ 130-ஆல் பெருக்கினால் 26. அதாவது வெளியே இருக்கும் சாதாரணக் காற்றில் 26 லிட்டர் உள்ளே போனால் போதும். ஒரு மேட்சுக்கு 60 ஷாட், அதற்கு முன் சைட்டிங் ஷாட்கள். அத்தனைக்கும் தாங்கி மிச்சமும் இருக்கும். 6.8 லிட்டர் சிலிண்டரை வெறும் 200-லிருந்து 300-க்கு ஏற்றுவதற்கே 680 லிட்டர் காற்று வேண்டும்.

தண்ணீரில் குளிரும் அந்த மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் தள்ளும். 680 லிட்டர் அதற்குப் பொருத்தமான வேலை. அதையே நேராக உன் ரைஃபிள் சிலிண்டரில் மாட்டினால் 40 நொடிகூட ஆகாது, 26 லிட்டரும் உள்ளே போயிருக்கும். நீ கேஜைப் பார்த்து, யோசித்து, சுவிட்சுக்குக் கையை நீட்டுவதற்குள் முள் 200-ஐத் தாண்டிவிடும். ஆட்டோ கட் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த வேகத்தில் ஏறும் அழுத்தத்துக்கு அதை மட்டும் நம்பி முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நீ நின்றால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் அந்த மிஷினை விற்பவர் பெரிய சிலிண்டரையும் சேர்த்து விற்கிறார். முதலில் பெரியதில் நிரப்பி, அதிலிருந்து வால்வை மெல்லத் திறந்து சின்னதுக்கு விடலாம். முறை சரியான முறைதான். ஆனால் ஒரே ஒரு ரைஃபிள் வைத்திருப்பவளுக்கு அத்தனை செலவும் அத்தனை ஆபத்தும் எதற்கு?

அந்தச் சிலிண்டரோடு வேறு பொறுப்புகளும் வரும். நம் நாட்டில் அழுத்தச் சிலிண்டர்கள் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (PESO) என்ற அரசு அமைப்பின் கண்காணிப்பில் வருபவை. அங்கீகாரம் உள்ளதா, கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட் எப்போது நடந்தது, எந்த ஆண்டோடு ஆயுள் முடிகிறது என்று கேட்டால் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. வெளிநாட்டிலிருந்து வந்தது, அருமையான சரக்கு என்று யாராவது பழைய சிலிண்டரைக் காட்டினால் தொடக்கூட வேண்டாம்.

உனக்கு ஏற்றது 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மிஷின். வீட்டு கரண்டிலிருந்து ஓட்ட அடாப்டர் கூடவே வரும், அல்லது உள்ளேயே இருக்கும். அது நிமிடத்துக்கு 6 லிட்டர் கொடுத்தால்கூட உன் 26 லிட்டர் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முள் மெதுவாக ஏறும், நீ நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதே மிஷினை 6.8 லிட்டர் சிலிண்டரில் மாட்டினால் அந்த 680 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். தொடர்ந்து 15, 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதே என்று அதன் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். அப்படி ஓட்டித்தான் பலரும் முதல் மாதத்திலேயே பிஸ்டன் ரிங்கைத் தின்னக் கொடுத்துவிட்டு, சின்ன மிஷின் எல்லாமே குப்பை என்கிறார்கள். அதன் வேலைக்கு அது நல்ல மிஷின்.

சூடுதான் இந்த மிஷின்களின் முதல் எதிரி. டயர் கடையில் ஓடுவது 10 பார் சமாச்சாரம், அதை வைத்து இதை எடை போடாதே. காற்றை அமுக்கினால் சூடேறும் என்று பள்ளியில் படித்திருப்பாய். 30 டிகிரியில் இருக்கும் காற்றை ஒரே அமுக்கில் 300 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், நடுவில் குளிரவே விடாவிட்டால், கணக்குப்படி 1,200 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரிக்கிறார்கள். இரண்டு ஸ்டேஜ் என்றால் ஒவ்வொன்றிலும் ஏறும் சூடு கணக்குப்படி 400 டிகிரியை ஒட்டி வரும். மூன்று ஸ்டேஜ் என்றால் 250-க்குள், நான்கு என்றால் 180-ஐ ஒட்டி நிற்கும். ஜெர்மனியின் பாவர், இத்தாலியின் கோல்ட்ரி போன்றவர்கள் ஆழ்கடல் நீச்சல்காரர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் மிஷின் செய்யும்போது மூன்று, நான்கு ஸ்டேஜ் வைப்பது இதனால்தான். அவை மணிக்கணக்கில் ஓடும், விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். நீ வாங்கப்போகும் சின்ன மிஷினில் இருப்பது இரண்டு ஸ்டேஜ். ஐந்து நிமிடம் ஓடியதும் நிறுத்து. ஹெட்டைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த சுற்று.

சூடு உன் சிலிண்டரையும் ஏமாற்றும். வேகமாக நிரப்பி உள்ளே காற்று 50 டிகிரியில் இருக்கும்போது கேஜ் 200 காட்டுகிறது என்று வை. ஆறி 30-க்கு வந்ததும் அது 187-தான் காட்டும். லீக் இல்லை, பயப்படாதே. மெதுவாக நிரப்பினால் இந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

இரண்டாவது எதிரி ஈரம். தூத்துக்குடியில் இருக்கும் உனக்கு இதுதான் பெரிய தலைவலி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 30 டிகிரி வெயிலில், 75 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றுக்குள் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். உன் 26 லிட்டருக்கு 0.6 கிராம், ஏறக்குறைய பன்னிரண்டு சொட்டு. 200 பாரில் 0.2 லிட்டர் இடத்தில் ஆவியாக நிற்கக்கூடியது அதில் நூறில் ஒரு பங்குதான். மிச்சம் முழுவதும் தண்ணீராகிவிடும். ஃபில்டரும் ட்ரெயினும் அதை வழியிலேயே பிடிக்கவில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ரைஃபிள் சிலிண்டருக்குள் போய்ச் சேரும். உள்சுவர் அரிக்கும். ரெகுலேட்டரில் ஏறினால் ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறும். நீ உன் மூச்சைச் சந்தேகப்படுவாய், ட்ரிக்கரைச் சந்தேகப்படுவாய், காற்றைச் சந்தேகப்பட மாட்டாய்.

அதனால் மிஷினை மொட்டை மாடியில் வைத்து ஓட்டாதே. அப்பாவின் ஏசி ரூமில் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் ஏசி ஓடிய பிறகு நிரப்பு. 24 டிகிரியில் 50 சதவீத ஈரம் என்றால் ஒரு கன மீட்டருக்கு 11 கிராம்தான். ஃபில்டருக்கு வரும் வேலையில் பாதி அங்கேயே குறைந்துவிடும், மிஷினுக்கும் சூடு குறையும், உப்புக் காற்றும் உள்ளே போகாது.

சின்ன மிஷினோடு வரும் பஞ்சு ஃபில்டர் போதாது. ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் நிரப்பிய தனி ஃபில்டர் ஒன்றை ஹோஸுக்கு நடுவில் மாட்டு. விலைப்பட்டியலில் குறைக்க வேண்டியிருந்தால் வேறு எதையாவது குறை, இதைக் குறைக்காதே. வேலை முடிந்ததும் ட்ரெயின் ஸ்க்ரூவை மெல்லத் திற. முதலில் சீறல், பிறகு வெண்மையாக ஒரு புகை, அதற்குப் பின் பால் கலந்த மாதிரி ஒரு துளி. தண்ணீரும் கிரீஸும் சேர்ந்தது அது. ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றையும் அவ்வப்போது சோதி. ஹோஸைச் சிலிண்டரில் மாட்டாமல், வெள்ளை வேட்டித் துணி ஒரு துண்டை அதன் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில நொடி ஓட விடு. துணி வெள்ளையாகவே இருந்தால் சரி. ஈரம் படிந்தாலோ மஞ்சள் புள்ளி விழுந்தாலோ சீவை மாற்றும் வரை ரைஃபிளுக்கு அந்தக் காற்று வேண்டாம்.

கைப் பம்ப் போதாதா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். அக்கா கேட்டது நியாயமான கேள்வி. மூன்று ஸ்டேஜ் கைப் பம்ப் 200 பார் ஏற்றும், கரண்ட் வேண்டாம், விலையும் குறைவு. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படையில் ஜிரார்டோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தினார்கள். அதன் காற்றுக்குடுவையை நிரப்பக் கையால் 1,500 தடவை பம்ப் அடிக்க வேண்டும் என்பதால், வண்டியில் ஏற்றிய பெரிய பம்பையும் படையோடு கூட்டிக்கொண்டு போனார்களாம். உன் பிரச்சினைக்கு 240 வயசு. ஆனால் கைப் பம்பில் கடைசி 50 பாருக்கு உடம்பு முழுவதையும் போட்டு அமுக்க வேண்டியிருக்கும். அந்த மூச்சோடும் துடிப்போடும் போய் லேனில் நின்றால் பத்தாவது வளையம் கண்ணுக்கு முன்னால் ஆடும். கரண்ட் இல்லாத நாளுக்கு என்று ஒன்று வாங்கி வைத்துக்கொள். தினசரிக்கு வேண்டாம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் உதிரி கேள். பிஸ்டன் ரிங், ஓ-ரிங் செட், பர்ஸ்ட் டிஸ்க் மூன்றும் பெட்டியோடு வர வேண்டும். உதிரி தர முடியாதவரிடம் மிஷின் வாங்காதே, எவ்வளவு விலை குறைத்தாலும். பர்ஸ்ட் டிஸ்க் என்ற பாதுகாப்புத் தகடு கிழிந்தால் அது மிஷின் உன்னைக் காப்பாற்றியது என்று அர்த்தம். ஏன் கிழிந்தது என்று பார்த்துவிட்டு அதே அளவுக்குத்தான் மாற்ற வேண்டும், தடிமனானதைப் போடக் கூடாது. கார் பேட்டரியில் ஓட்ட நேர்ந்தால் கிளிப்பை நேராக பேட்டரியில் மாட்டி என்ஜினை ஓட விடு. டாஷ்போர்டு சாக்கெட்டில் சொருகினால் ஃப்யூஸ் போய்விடும்.

இனிச் சொல்வதை அப்பாவும் கேட்க வேண்டும். மிஷின் வந்து சேரும்வரை வெல்டிங் பட்டறையில் கொஞ்சம் காற்று பிடித்துக்கொள்ளலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அங்கே இருப்பது ஆக்சிஜன். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனோடு ஒரு சொட்டு கிரீஸ் சேர்ந்தாலே தானாகத் தீப்பிடித்து வெடிக்கும். எந்தச் சூழ்நிலையிலும், யார் சொன்னாலும், ஒரு தடவைதானே என்றாலும் கூடாது. அதே காரணத்துக்காக ஓ-ரிங்குக்கு சிலிகோன் கிரீஸ் மட்டும்தான். தையல் மிஷின் ஆயில், தேங்காய் எண்ணெய், பைக் கிரீஸ் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில் அவை டீசல் என்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும்.

உன் சிலிண்டரில் பொறித்திருக்கும் மாதத்தையும் ஆண்டையும் ஒரு நோட்டில் எழுதி வை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 ஆண்டுதான் கொடுக்கிறார்கள். போட்டியில் அதைக் கவனிக்கும் பொறுப்பு சுடுபவருடையது என்பது சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதி.

உன்னோடு பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேரும் சொந்த ரைஃபிள் வாங்கினால் அப்போது பேச்சு வேறு. 300 பாரில் நிற்கும் ஒரு 6.8 லிட்டர் சிலிண்டர், 200-க்கு இறங்குவதற்குள் உன் அளவு சிலிண்டரை 26 தடவை நிரப்பிவிடும். எல்லோரும் பணம் போட்டு, கிளப்பிலேயே, பூட்டிய அறையில், பொறுப்பான ஒருவர் கையில் பெரிய மிஷினும் சிலிண்டரும் இருப்பது நல்ல ஏற்பாடு. உங்கள் கோச்சிடம் இந்தக் கணக்கைக் காட்டு. வேண்டுமானால் நானே வந்து அவரிடம் பேசுகிறேன்.

பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். ஓ-ரிங்கும் சிலிகோன் கிரீஸும் இங்கிருந்து வாங்கி வருகிறேன், அதை அங்கே தேடி அலையாதே. அதற்குள் மிஷின் வந்துவிட்டால் பெட்டியைப் பிரித்து, ஹோஸ் முனையையும் உன் சிலிண்டர் அடாப்டரின் மரையையும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டும் பொருந்துகிறதா என்று நான் பார்த்துச் சொன்ன பிறகு முதல் தடவை நிரப்பு.

அன்புடன்,
மாமா