ஒன்றரைச் சாண் குரங்கு வீரன்: பினாங்கின் போதேஹிக் கலையும் கலைஞர்களும்

போதேஹி என்பது ஹொக்கியன் மொழிச் சொல். ‘போ’ துணி, ‘தே’ பை, ‘ஹி’ கூத்து என மூன்றும் சேர்ந்து துணிப்பைக் கூத்து என்று பொருள்படும். மரத்தில் குடைந்த தலையையும் சிறு கைகால்களையும் ஒரு துணிப்பையில் பொருத்தி, அந்தப் பைக்குள் கலைஞர் தம் கையை நுழைத்து ஆட்டுவதால் இப்பெயர் அமைந்தது. தமிழ்நாட்டின் மரப்பாவைகள் நூலாலும் கம்பியாலும் இயங்குபவை, தோற்பாவைகள் திரையில் நிழலாகத் தோன்றுபவை. போதேஹியோ பாலக்காட்டுப் பாவைக்கதகளியைப் போலக் கையுறைப் பாவை வகையைச் சேர்ந்தது. சீனாவின் பூஜியான் மாநிலத்துச் சுவான்சோ, ஜாங்சோ வட்டாரங்களில் வளர்ந்த இக்கலை, அங்கிருந்து கடல் கடந்த ஹொக்கியன் மக்களோடு தைவானுக்கும் ஜாவாவுக்கும் பினாங்குக்கும் வந்து சேர்ந்தது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் இக்கூத்து அரங்கக் கலையாக அன்றி, கோயில் நேர்த்திக்கடனாகவே நிலைத்திருக்கிறது. மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில், குவீன் வீதியின் 1833ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் உள்ள குவான் இன் கோயிலின் முன்வெளியில், சீன நாட்காட்டியின் 2, 6, 9ஆம் மாதங்களில் 19ஆம் நாளன்று வரும் அக்கோயில் தெய்வத்தின் விழாக்களையொட்டியும், நகரின் பிற கோயில்களிலும் தெருமுனைகளிலும் ஏழாம் மாதத்துப் பசித்த ஆவிகளின் விழாவின்போதும் தற்காலிக மேடைகள் எழுகின்றன. மேடையின் முகம் மக்களை நோக்கியல்ல, தெய்வத்தை நோக்கியே அமைவதால், எதிரே நாற்காலிகள் காலியாக இருந்தாலும் ஆட்டம் நிற்பதில்லை. கதைக்கு முன்னர் எட்டுச் சித்தர்கள் போன்ற தேவர்கள் தோன்றி வாழ்த்தும் சடங்குப் பகுதியும் அந்தத் தெய்வத்துக்கே உரியது.

மேடையின் பின்புறம் நின்று காண்பவருக்கு வேறோர் உலகம் தெரிகிறது. சுமார் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பாவைகள், ஆடையின் கீழ்விளிம்பில் தைத்த சிறு வளையங்களால் தலைகீழாகத் தொங்குகின்றன. தொங்கும் பாவைக்குள் கையை மேலிருந்து கீழ்நோக்கி நுழைத்துத் தூக்கினால் அடுத்த கணமே அது நிமிர்ந்து நிற்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பம். ஆட்காட்டி விரல் தலைக்குள்ளும், பெருவிரல் ஒரு கையிலும், நடுவிரல் மற்றொரு கையிலும் சென்று பொருந்த, ஒரே கலைஞர் வலக்கையில் ஒருவரையும் இடக்கையில் ஒருவரையும் ஏந்திப் போர் நடத்துகிறார். பக்கத்தில் அமர்ந்த சிறு இசைக்குழு, முரசு, தாளம், சேகண்டி, வில்லால் இசைக்கும் இருநரம்புக் கருவி ஆகியவற்றால் ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒலி தருகிறது.

இப்போர்களில் பெரிதும் விரும்பப்படுபவை, மனிதரைப் போல் உடுத்தும் பேசியும் ஆயுதம் ஏந்தும் விலங்கு வீரர்களின் மோதல்களே. 1592இல் அச்சேறிய, நூறு அத்தியாயங்கள் கொண்ட ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் சீனப் புதினத்தின் குரங்கு வீரன் சுன் வூகோங், பன்றிமுகத்தோன் ஜூ பாஜியே, அவர்களை எதிர்க்கும் எருது அரசன் ஆகியோர் இவ்வகையினர். புதினத்தில் சுன் வூகோங்கின் தண்டம் 13,500 ‘காட்டி’ (சீன எடையளவு) எடையுள்ளது; மேடையில் அது பாவையின் கைத்துளையில் செருகிய ஒரு மெல்லிய குச்சி. மேலை நாடுகளில் இன்று மேசைமேல் ஆடப்படும் சிறுபடைப் போர் விளையாட்டுகளிலும், சான்றாக 2018இல் வெளிவந்த ‘பரோஸ் அண்ட் பேட்ஜர்ஸ்’ விளையாட்டில், எலியும் வளைக்கரடியும் வாளேந்தி நிற்கின்றன. ஆனால் அங்குள்ள உருவங்கள் அசைவற்றவை. அவற்றின் வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்கிறது. போதேஹியில் முடிவு கதையிலேயே உள்ளது. காண்போர் எதிர்பார்ப்பது, அம்முடிவுக்குக் கலைஞரின் விரல்கள் எவ்வழியில் செல்கின்றன என்பதை மட்டுமே.

குரங்கைக் குரங்காக்குவது செதுக்கிய முகம் என்று தோன்றினாலும், கூர்ந்து நோக்கினால் அவ்வாறில்லை. பெருவிரல் நெற்றிவரை உயர்ந்து கண்ணுக்கு நிழல் கட்டுவதும், ஆட்காட்டி விரல் ஓரிடத்தில் நிலைக்காமல் துடிப்பதும், மணிக்கட்டு திடீரெனத் திரும்புவதும் சேர்ந்தே குரங்கின் பரபரப்பை உண்டாக்குகின்றன. பன்றிமுகத்தோனுக்கு அதே மணிக்கட்டு தாழ்ந்து, கனத்து, மெல்ல அசைய வேண்டும். கலைஞர் பாவையை மேலே வீசி, அது காற்றில் குட்டிக்கரணம் போட்டு இறங்கும்போது மறுகையில் ஏந்தும் கணத்தில், கையே அதன் உயிர் என்பது விளங்கிவிடுகிறது.

தலை செதுக்குவது தனித்தொழில். கற்பூர மரத்தைக் குடைந்து, மண்ணும் தாளும் பூசித் தேய்த்து, வண்ணம் தீட்டும் இம்மரபில் சுவான்சோவின் ஜியாங் ஜியாஸோ (1871–1954) பெரும்புகழ் பெற்றவர். அந்நகரம் தமிழருக்கும் அந்நியமன்று. தமிழ் வணிகர் அங்கு சிவன் கோயில் எழுப்பியதற்கு 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்றாக உள்ளது. அங்குள்ள கையுவான் கோயிலின் மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்குச் சிற்பம் ஒன்றும் உண்டு. சுன் வூகோங்குக்கு அனுமனே மூலம் என்று சீன அறிஞர் ஹூ ஷீ கருதினார். சீனத் தொன்மத்தின் நீர்க்குரங்கே மூலம் என்று எழுத்தாளர் லூ சுன் வாதிட்டார். வழக்கு இன்றும் தீரவில்லை.

பினாங்குக் குழுக்களின் நெருக்கடி பாவைகள் குறைவதனால் வந்ததன்று, கைகள் குறைவதனால் வந்தது. விழா மேடைகளில் கோதை எனப்படும் பாட்டுக் கச்சேரி கூட்டத்தை ஈர்த்துக்கொள்ள, மேடை ஹொக்கியனின் இலக்கிய நடை இளையோருக்குப் புரியாமற்போக, குடும்பத் தொழிலாக இருந்த கூத்துக்குப் பிள்ளைகள் வராமல் விலகினர். இந்நிலையில் பெங் கியோக் ஹோங் குழுவின் மூத்த கலைஞர்களிடம் பயின்ற இளைஞர்கள் ‘ஓம்பாக் போதேஹி’ என்னும் குழுவாகத் திரண்டு, பழைய குரங்குக் கதையோடு பினாங்கு மக்களின் வாழ்க்கையையும் மேடையேற்றுகின்றனர். இசையியலாளர் தான் சூய் பெங் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட நூல் பினாங்குப் போதேஹியின் வரலாற்றைப் பதிவு செய்தது.

எனினும் நூலும் கண்ணாடிப் பேழையும் காக்கக்கூடியது தலையையும் ஆடையையும் மட்டுமே. அதனால்தான் பயிற்சி பாவையோடு தொடங்குவதில்லை. தொடங்குபவர் வெறுங்கையை உயர்த்தி, ஒட்டிக்கொள்ள விரும்பும் விரல்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்து, ஆட்காட்டி விரலைத் தனியே நிமிர்த்தவும் வளைக்கவும் பழகுகிறார். அவ்விரல் ஒருநாள் குரங்கைப் போல் துடிக்கக் கற்ற பின்னரே, கொக்கியில் தலைகீழாகக் காத்திருக்கும் சுன் வூகோங் கீழிறக்கப்படுகிறான்.