முற்றத்து மண்

முடிச்சூரில் எங்கள் வீட்டின் முன்னால் ஒரு சென்ட் மண் மிச்சமிருக்கிறது. ஒரு வேம்பு, ஒரு முருங்கை, பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இரண்டு வாழை. அதன்மேல் சிமெண்ட் போட்டு மூடிவிட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை.

"உனக்காகத்தான் சொல்றேன். தினமும் குனிஞ்சு பெருக்கி இடுப்பு போகுதில்ல?"

அவர் வெறுப்புக்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய பேய்மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு கரை மீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. நாங்கள் இரண்டு இரவு மொட்டைமாடியில் இருந்தோம். வடிந்தபின் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அதை அள்ளியவர்கள் எல்லாம் மண்ணையே வெறுத்தார்கள். தெருவில் ஒவ்வொரு முற்றமாக மூடப்பட்டது. கரை மீறி வரும் ஆற்றை என் ஒரு சென்ட் குடித்துவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் 2019 கோடையில் போரில் காற்று மட்டும் வந்ததே! மழை இறங்க வழியில்லாத தெருவில் நிலத்தடியில் எது ஊறும்? அப்போது லாரிக்காக அரைநாள் விடுப்பு போட்டுக் காத்திருந்தது நான், அவரல்ல. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் குழியைத் தூர்வாருவதும் நான்தான்.

இப்படி நியாயம் முழுக்க என் பக்கம் என்றிருந்தேன். போன வருடம் கர்ப்பப்பை அறுவைசிகிச்சை முடிந்து மூன்று மாதம் குனியக் கூடாது என்றார்கள். மாசி, பங்குனி. வேம்பு இலையாகக் கொட்டியது. வீட்டு வேலைக்கு வருகிறவர்தான் பெருக்கினார். ஒருநாள் விளக்குமாறைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சார் சொல்ற மாதிரி சிமெண்டே போட்டுடுங்கக்கா. உங்களுக்கு மரம், எனக்கு முதுகுவலி."

அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. என் கொள்கை இன்னொரு பெண்ணின் முதுகில் நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு கணவரிடம் கேட்டேன்: "எனக்காக சிமெண்ட் போடறேன்னு இத்தனை வருஷம் சொன்னீங்களே, ஒருநாளாவது நான் பெருக்கறேன்னு சொன்னீங்களா?"

பேச்சில்லை. பட்டா அவர் பெயரில். கொத்தனாரைக் கூட்டிவர என்னைக் கேட்க வேண்டியதில்லை. கூட்டி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கார் ஏற இரண்டு வரிசை பேவர் பிளாக் போட்டுக்கொண்டோம். மீதி மண். இலைகளை வாழையடியிலேயே ஒதுக்குகிறோம், தினமும் பெருக்குவதில்லை. வேலைக்கு வருகிறவருக்கு முற்றம் இனி கணக்கில் இல்லை, சம்பளத்தில் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெருக்குவது அவர் பொறுப்பு. பெருக்கவும் செய்கிறார், முதலில் கேட்டைச் சாத்திக்கொண்டு. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதாம்.