கோட்டைக்குள் ஒரு வாடகை வீடு

2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காலியிலுள்ள ஒரு பாடசாலைக்குத் தமிழாசிரியனாக நியமனம் பெற்றுச் சென்றேன். பிறந்தது வடமராட்சி, படித்தது பேராதனை. காலியில் எனக்கு அறிமுகமானவர் ஒருவருமிலர். அறை தேடிச் சென்ற முதல் நான்கு இடங்களிலும், எந்த ஊர் என்ற கேள்விக்கு நான் விடை சொன்ன பின்னரே அறை நேற்று வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. தமிழனுக்குக் காலியில் என்ன வேலை என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் காலத்துக் கல்வெட்டொன்று 1911இல் இதே நகரில் கண்டெடுக்கப்பட்டதையும், அதில் சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதையும் அவருக்குச் சொல்ல நா எழுந்தது. கல்வெட்டைக் காட்டி அறை பெற இயலாதாகையால் பேசாமல் திரும்பிவிட்டேன்.

ஐந்தாவது வீடு கோட்டைக்குள் இருந்தது. வீட்டுக்காரி எழுபது வயது கடந்த சோனகப் பெண்மணி; கணவரை இழந்தவர். ஊரைக் கேட்கவில்லை. "மழைக்கு ஒழுகும் மாஸ்டர், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்கு முன்னறை இரண்டும் எனக்காயின. நான் அவரை உம்மா என்றே அழைத்தேன்.

தெருவை ஒட்டியே விறாந்தை, மரத்தூண்கள், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், நடுவே வானம் பார்க்கும் முற்றம். அக்கோட்டையை 1640இல் போத்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டிமுடிந்த பின்னர் கப்பல்கள் காலியைக் கைவிட்டன. காலப்போக்கில் பறங்கியர் பலர் வீடுகளை விற்றுச் செல்ல, சோனக வணிகர் அவற்றை வாங்கினர். உம்மாவின் பாட்டனாரும் அவ்வாறு வாங்கியவரே. பழைமையில் மோகங்கொண்ட தமிழ்ப் பட்டதாரியாகிய நான் முதல் வாரம் முழுவதும் கதவின் கீல்களையும் தாழ்ப்பாள்களையும் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். வைகாசி மழை வந்தபோதுதான் வீடு என்னவென்று புரிந்தது.

இரு கூரைகளும் சந்திக்கும் இடத்திலிருந்த பீலி உக்கிப்போயிருந்தது. இரவில் வாளிகளையும் சட்டிகளையும் மாற்றி மாற்றி வைப்போம். பீலியை நாமாக மாற்றிவிட முடியாது. 1988இல் யுனெஸ்கோ அக்கோட்டையை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஓட்டிலே கைவைப்பதற்கும் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பழைய மாதிரியில் ஓடும் மரமும் வாங்க உம்மாவிடம் பணமில்லை. ஆயினும் விண்ணப்பித்தோம். நான் தமிழில் எழுத, அடுத்த தெருவிலிருந்த ஓய்வுபெற்ற சிங்கள எழுதுவினைஞர் ஒருவர் அதைத் தம் மொழியில் அழகாக எழுதித் தந்தார். கூலியாக ஒரு தட்டு வட்டிலப்பம் பெற்றார். மூன்று கடிதங்களுக்கு ஒரு பதில் வந்தது: கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

2019 சித்திரையில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பின்னர், எங்கள் வீட்டையும் சோதனையிட்டார்கள். உம்மாவின் அலுமாரியைக் கொட்டினார்கள். சிறுவயதில் எங்கள் வீட்டு அலுமாரி கொட்டப்பட்டதைக் கண்டவன் நான். அக்காட்சியில் எனக்குப் புதியது எதுவுமில்லை, நான் நின்ற இடத்தைத் தவிர. இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள். "வாடகைக்கு இருக்கிற பிள்ளை" என்றார் உம்மா. அன்று அவருக்காக உத்தரவாதம் சொல்ல வேண்டியவனாக நானிருந்தேன். அதுவரை உத்தரவாதம் என்றால் மற்றவர்கள் எனக்குச் சொல்வதென்றே நினைத்திருந்தேன்.

கோட்டையில் வீடுகள் கைமாறத் தொடங்கியது அதற்கும் முன்னதாகும். காணி வாங்கும் வெளிநாட்டவருக்கிருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டது. 2004இல் அது மீண்டும் வந்தது. அதற்கிடையில் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு விடுதியில் ஓரிரவுக்கு வாங்கும் பணம் என் ஒரு மாத வாடகையிலும் அதிகம். எனினும் உம்மா வாடகையைக் கூட்டவில்லை.

கம்யூனிஸ்ட் தலைவரான பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1972இல் வாடகைச் சட்டமும் 1973இல் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வந்தன. பல வீடுகளை வைத்து வாடகை தின்றவனிடமிருந்து குடியிருந்தவனைக் காத்த சட்டங்கள் அவை. அவற்றை இன்றும் மதிக்கிறேன். ஆனால் ஒரே வீட்டையும் ஒழுகும் கூரையையும் உடைய கைம்பெண்ணை எந்த வர்க்கத்தில் வைப்பது? நாணயம் சரிந்த 2022க்குப் பின் மருந்துக்கே தட்டுப்பாடு. மறு ஆண்டு நீண்ட குத்தகைக்கு வீட்டைக் கொடுத்தார். உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் கோபிக்க எனக்கு நியாயம் எதுவுமில்லை. கோபம் வந்தது என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

நான் நகருக்கு வெளியே ஓர் அறைக்குப் போனேன். என் வகுப்பில் கோட்டைக்குள்ளிருந்து வரும் பிள்ளைகள் முன்பு ஐவர், இப்போது ஒருத்தி.

சென்ற மாதம் உம்மாவைப் பார்க்கப் போனேன். கோட்டைக்கு வெளியே, ஓர் ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட சிறுவீடு. தேநீர் தந்துவிட்டுக் கேட்டார்:

"பழைய வீடு இன்னும் ஒழுகுதா மாஸ்டர்?"

தெருவில் நின்று பார்த்ததைச் சொன்னேன்: கூரை முழுவதும் புதிய ஓடு; பீலி செம்பினால் செய்யப்பட்டிருக்கிறது.

சற்று நேரம் யோசித்தார்.

"அப்ப அவங்களுக்கு அனுமதி கெடச்சிருக்கு" என்றார்.