மறைத்தலும் அழித்தலும்

வீட்டுக்கு வண்ணம் பூசுவதில் பெரும்பங்கு வேலை பூசுவதற்கு முன்பே இருக்கிறது. ஈரம் இறங்கும் வழியை அடைக்க வேண்டும். உப்புப் பூத்த இடங்களையும் பொரிந்த பழஞ்சுண்ணாம்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகே பட்டி பார்த்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். உதிரும் அடுக்கின்மேல் வைக்கும் பட்டி, அந்த அடுக்கோடு சேர்ந்தே பெயர்ந்து விழும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் அம்மாவின் அறையில் எங்கள் கைகள் தயங்கின. கதவோரச் சுவரில் அவர் கரித்துண்டால் இட்ட பால் கணக்குக் கோடுகள் இருந்தன. மாதம் முடியுமுன்னரே நின்றுபோன கணக்கு அது. அம்மா எழுதப் படிக்க அறியாதவர். ஏடும் எழுத்தும் நிறைந்த எங்கள் வீட்டில் அவர் கைப்பட எஞ்சியவை அந்தப் பதினேழு கோடுகளே.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலடுக்கு சிதைந்த இடங்களில் அடியிலிருந்தவை புலப்பட்டன. மேலே தீட்டியவர்கள் அடியில் இருந்ததை முற்றாகச் சுரண்டி எறிந்திருந்தால் இன்று நமக்கு அவை கிடைத்திரா. மறைத்தல் வேறு, அழித்தல் வேறு.

கோடுகள் இருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தோம். பூச்சு கெட்டியாகவே இருந்தது. அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் சுரண்டாமலும் தேய்க்காமலும் மெல்லிய பூச்சால் மூடினோம். இன்று அது வெறும் வெண்சுவர். பிள்ளைகளுக்கு மட்டும் இடத்தைக் காட்டி வைத்திருக்கிறோம்.