பில் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

டேட்டாபேஸ் தேர்ந்தெடுக்கும்போது வேகம், கொள்ளளவு என்று எதையெதையோ பார்க்கிறோம். திருச்சியில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைக்கிற நான் இப்போது முதலில் கேட்பது வேறு: அது மக்கர் பண்ணினால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஸ்ரீரங்கத்து நாட்டு மருந்துக் கடை ஒன்று கற்றுக்கொடுத்த கேள்வி இது. கடையில் ஒரே ஒரு கணினி. வேறு யாரோ எழுதிக்கொடுத்த மென்பொருள், அதற்குப் பின்னால் ஒரு சர்வர் டேட்டாபேஸ். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் போச்சு. திரும்பப் போடும்போது விண்டோஸ் வரும், பில் திரை வரும், சர்வர் மட்டும் எழுந்திருக்காது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் இப்படி ஆனால், காவிரிப் பாலம் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் கடைக்காரர் துண்டுச் சீட்டில் கணக்கெழுத ஆரம்பித்திருப்பார். "மருந்து இருக்கு, ஆள் இருக்கு, பில்லுதான் தம்பி இல்ல" என்பார்.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் பிறந்ததும் இதே தலைவலியில்தான். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் ஒரு போர்க்கப்பலுக்கான நிரலில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் அவருடைய நிரலும் படுத்துவிடும். பழி இவர்மேல் விழும். சர்வரே வேண்டாம், கோப்பை நிரலே நேராகத் திறக்கட்டும் என்று அவர் எழுதியதுதான் இன்று எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. பதிப்புரிமையையும் துறந்துவிட்டார், யாருக்கும் கட்டணம் இல்லை. கொள்ளளவு 281 டெராபைட். பழைய ஆக்சஸ் 2 ஜிபியோடு நின்றுவிடும். மருந்துக் கடைக்கு எதற்கு 281 டெராபைட் என்பது தனி விஷயம்.

அந்தக் கடைக்கு எஸ்க்யூலைட் போட்டு மாற்றிக் கொடுத்தேன். பில் போடும்போது கரண்ட் போனாலும் அடுத்த முறை திறக்கையில் அரைகுறைப் பதிவை அதுவே நீக்கிவிடுகிறது. வம்பு வந்தது அகரவரிசையில். சரக்குப் பெயர்களைத் தமிழில் ஏற்றியதும் அன்னாசிப்பூ அமுக்கராவுக்கு முன்னால் வந்து நின்றது. கற்பூரம் கழற்சிக்காய்க்கு முன்னால். கடுக்காய் கட்டுக்கொடிக்கு முன்னால். எஸ்க்யூலைட் யூனிகோடு எண்ணைப் பார்த்தே அடுக்குகிறது. அந்த எண் வரிசையில் ந-வை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற. நம் வரிசையிலோ இரண்டும் கடைசி. மெய்யின் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்குப் பிறகுதான் எண். நல்லவேளை, வரிசை விதியை நாமே எழுதி அதில் பதிவு செய்ய வழி இருக்கிறது. எழுதினேன். அகராதி முறைப்படி ஜாதிக்காய் கடைசிக்குப் போனது. "அது சானாவுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும், அங்கதான் கை போகும்" என்றார் கடைப் பெரியவர். யூனிகோடும் அதைத்தான் சொல்லியிருந்தது! அந்த ஓர் எழுத்தை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன்.

இதை வைத்து எல்லாக் கடைக்கும் எஸ்க்யூலைட் என்று கிளம்பிவிடக் கூடாது. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மளிகை மண்டியில் மூன்று கணினிகள், மூன்றிலும் ஒரே நேரத்தில் பில். கோப்பை ஷேர் போல்டரில் போட்டால் போதாதா என்றார்கள். மறுத்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும். நெட்வொர்க் வழியாகத் திறந்தால் மற்றவர்களைத் தடுக்கும் பூட்டும் ஒழுங்காக விழாது, கோப்பே கெடலாம் என்று எஸ்க்யூலைட் ஆவணமே எச்சரிக்கிறது. அங்கே போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் டேட்டாபேஸ் போட்டு, கவனிக்க மாதச் சம்பளத்தில் ஓர் ஆளையும் வைத்தார்கள்.

எஸ்க்யூலைட் ஒரே கோப்பு என்பதால் பென்டிரைவில் இழுத்துப் போட்டால் பேக்கப் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். மென்பொருள் திறந்திருக்கும்போது கடைசிப் பதிவுகள் பக்கத்தில் இன்னொரு கோப்பில் இருக்கக்கூடும். அதை விட்டுவிட்டு நகலெடுத்தால் அன்றைய வியாபாரம் வராது. இதற்கென்றே உள்ள பேக்கப் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். கடைக்கு மென்பொருள் வாங்குகிறவர்களே, பணம் கொடுக்குமுன் நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.